மண்டபத்துக்குப் பின்னே மறைக்கப்பட்ட மாவீரர்

"சிலை பேசிற்று!" என்று எவரேனும் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம். 1995-ஆம் ஆண்டிலே பிள்ளையார் சிலை பால் குடித்ததென்று நாடெங்கும் கரண்டியும் கையுமாகக் கூட்டம் அலைமோதிய கூத்தைக் கேட்டறிந்தவர்களல்லவா நாம்! கல் கல்தான், வெண்கலம் வெண்கலந்தான். அவற்றுக்கு நாவும் இல்லை, நினைவும் இல்லை. இது நமக்குத் தெரிந்த உண்மை.

ஆயினும் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்திலே, 2010-ஆம் ஆண்டிலே, சிலைகள் பேசத் தொடங்கின! மந்திரமில்லை, மாயமில்லை, பூசாரியுமில்லை, உண்டியலுமில்லை. சிலையருகே ஒரு சிறு பலகை, பலகையிலே ஓர் எண். கைப்பேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தினால், அல்லது அதற்கென ஆக்கப்பட்ட செயலியைத் திறந்தால், சிலையைச் செதுக்கிய சிற்பியின் குரல் வரும். சிற்பி மறைந்துவிட்டிருந்தால் வரலாற்றாசிரியரின் குரல் வரும். சிலைக்குரியவரின் வழித்தோன்றலே சில இடங்களிலே பேசுவார். "சுவர்களற்ற அருங்காட்சியகம்" என்று அதற்குப் பெயரிட்டனர். பெயரிலேயே ஒரு புரட்சி இருக்கிறது. அருங்காட்சியகம் என்றால் வாயிற்காவலன் உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு, "தொடாதே" என்ற எச்சரிக்கை உண்டு. சுவரை எடுத்துவிட்டால்? கூலி வேலைக்குப் போகிறவனும், பள்ளிக்கு நடக்கிற சிறுமியும் காண்போராகிவிடுகின்றனர்.

கடல் கடந்த ஊரின் கதை நமக்கெதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கதையின் நடுவிலே ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். அவருக்காகவே இதனை எழுதுகிறோம். ஆனால் அவரிடம் போகுமுன் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

பிலடெல்பியா சிலைகளின் ஊர். 1872-லேயே அங்கு ஒரு சங்கம் அமைத்தார்கள், பேர்மவுண்ட் பூங்காக் கலைச் சங்கம் என்று. நகரப் பூங்காக்களையும் தெருக்களையும் சிற்பங்களால் அழகு செய்வது அதன் நோக்கம். பேசும் சிலைகளின் ஏற்பாட்டைச் செய்ததும் இச்சங்கந்தான்; 2012-இல் பொதுக்கலைக்கான சங்கம் என்று பெயரை மாற்றிக் கொண்டது. 1959-இலே இன்னொரு வியத்தகு ஏற்பாடும் அந்நகரிலே பிறந்தது. மறுசீரமைப்புக்கென நகரம் தந்த நிலத்திலே கட்டடம் எழுப்புவோர், கட்டுமானச் செலவிலே நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கிட வேண்டுமென்ற விதி! அமெரிக்காவிலே அதற்கு முன்னோடி இல்லை. பின்னர்ப் பல நகரங்கள் அதனைப் பின்பற்றின. 1984 முதல் சுவரோவிய இயக்கம் ஒன்று வளர்ந்தது. வேண்டாத கிறுக்கல்களை ஒழிப்பதற்கென்று தொடங்கப்பட்டது அது. கிறுக்கிய இளைஞர்களின் கையிலேயே தூரிகையைக் கொடுத்து, ஏழைப் பகுதிகளின் சுவர்களையெல்லாம் ஓவியமாக்கினார்கள். இதுவரை எழுந்த சுவரோவியங்கள் நாலாயிரத்தை எட்டும். தடியை எடுத்திருக்க வேண்டிய நகராட்சி தூரிகையை எடுத்தது என்பதை நாம் மனமாரப் பாராட்டலாம்.

இத்தனையையும் ஒருவன் கண்டறிவது எங்ஙனம்? 1974-லும் 1992-லும் நகரத்துச் சிற்பங்களைப் பற்றிக் கனமான நூல்கள் வெளிவந்தன. கனமான நூல் கனவான்களின் வீட்டு அலமாரிக்கு அழகு. தெருவிலே நடப்பவன் அதனைத் தூக்கிக்கொண்டா நடப்பான்? அமெரிக்கப் படைத்துறை விண்ணிலே நிறுத்திய துணைக்கோள்களின் துல்லியமான குறிப்பு, பொதுமக்களுக்குக் கிடைக்காதபடி வேண்டுமென்றே கலங்கலாக்கப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்திலே அந்தத் தடையை நீக்கினர். 2008 வாக்கில் அந்தக் கருவி கைப்பேசிக்குள்ளேயே புகுந்தது. குண்டு வீசும் இடத்தைக் குறிப்பதற்கென்று கண்டுபிடித்த அறிவு, குழந்தைக்குச் சிலை இருக்கும் இடத்தைக் காட்டும் அறிவாயிற்று! அறிவியலை ஆக்கத்துக்குத் திருப்பினால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி தொலைவிலே எந்தச் சிற்பம், அதைச் செய்தவர் யார், எந்த ஆண்டு, யார் பணம் கொடுத்தார் என்பதெல்லாம் விரல் நுனியிலே.

நகரின் நடுவிலே நகர மன்றம். அதன் கோபுரத்தின் உச்சியிலே, நகரை நிறுவிய வில்லியம் பென் என்பாரின் வெண்கலச் சிலை. உயரம் 37 அடி, எடை 27 டன். 1894-இலே ஏற்றினார்கள். அந்தச் சிலையின் தொப்பிக்கு மேலே எந்தக் கட்டடமும் எழக்கூடாதென்று எழுதாத சட்டம் ஒன்று நெடுங்காலம் நிலவிற்று. 1987-இலே ஒரு வணிகக் கட்டடம் அதனை மீறி உயர்ந்தது. பிறகு அந்நகரின் விளையாட்டுக் குழுக்கள் தோற்றுக்கொண்டே வந்தனவாம். "பென்னின் சாபம்!" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. 2007-இலே அதைவிட உயரமான கட்டடம் எழுந்தபோது, தொழிலாளர்கள் உச்சி உத்தரத்திலே பென்னின் சின்னஞ்சிறு உருவம் ஒன்றை ஒட்டிவைத்தனர். 2008-இலே பேஸ்பால் குழு வென்றது. சாபம் தீர்ந்ததாம்! பரிகாரம் என்ற சரக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிக் குமைந்திருந்த நமக்கு, விண்வெளிக்கு ஏறியவர்கள் வீட்டிலும் அது உண்டென்று அறிவதிலே ஓர் அற்ப ஆறுதல்!

இது கிடக்கட்டும். செயலியைத் திறந்துகொண்டு தெருத்தெருவாக நடக்கும் ஒருவன், பத்துச் சிலை பார்த்தபின், ஒரு கேள்வியைக் கேட்டே தீருவான். யாருக்குச் சிலை? குதிரைமீது தளபதிகள். கோட்டு அணிந்த செல்வர்கள். நீதி, அமைதி, வெற்றி என்னும் பெயர்களிலே உயிரோடு என்றுமே இருந்திராத மங்கையர். இருந்த மங்கையர் மிகச் சிலர். அவர்களிலும் பொன்முலாம் பூசிக் குதிரைமீது ஒளிர்பவர் பிரெஞ்சு நாட்டு ஜோன் ஆப் ஆர்க். கறுப்பின மக்கள் பெருந்தொகையினராக வாழும் அந்நகரிலே கறுப்பர் எங்கே?

ஓர் எடுத்துக்காட்டு போதும். அந்நகரத்துக் கலைக்கூடத்தின் படிக்கட்டருகே, 2006-இலே, ஒரு குத்துச்சண்டை வீரனின் சிலையை வைத்தனர். பெயர் ராக்கி. எந்த ஆண்டு பிறந்தான், எவனை வென்றான் என்று கேளாதீர்கள். அவன் பிறக்கவே இல்லை. திரைப்படத்திலே வரும் கற்பனைப் பாத்திரம் அவன்! அதே நகரிலே வாழ்ந்து, உலகப் பட்டம் வென்று, முகம்மது அலியையே வீழ்த்திய ஜோ பிரேசியர் என்ற கறுப்பின வீரர், இறைச்சிக் கூடத்திலே வேலை செய்து வளர்ந்தவர், 2011-இலே மறைந்தார். அவருக்குச் சிலை எழுந்த ஆண்டு 2015. இல்லாதவனுக்கு முதலிலே வெண்கலம். இருந்தவனுக்கு, அவன் இல்லாமற் போனபின்! புராணப் பாத்திரங்களுக்குப் பொன்னாபரணமும் உழைத்த மனிதனுக்கு உதாசீனமும் தருகின்ற மனப்பான்மையை நாம் வேறெங்கோ கண்டதுபோல் இல்லையா?

இனி, மண்டபத்துக்கு வருவோம்.

1876. அமெரிக்கா விடுதலை பெற்று நூறாண்டு நிறைந்தது. பிலடெல்பியாவிலே மாபெரும் உலகக் கண்காட்சி. அதற்காகவே எழுப்பினார்கள் நினைவு மண்டபம் என்ற மாளிகையை. தொடக்க நாளிலே மேடையேற அழைப்புப் பெற்று வந்தார் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி, எழுத்தாலும் பேச்சாலும் அடிமை முறையின் அடிவேரையே அசைத்த அந்த மேதையை, வாயிலிலே காவலர்கள் தடுத்து நிறுத்தினர். அழைப்பு இருந்தும், கறுப்பருக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம்! மேலவை உறுப்பினர் ஒருவர் கண்டு, தலையிட்டு, உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. மேடையிலே இடம் கிடைத்தது. பேசும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. நாட்டிலேயே தலைசிறந்த நாவலர் நாவடக்கி அமர்ந்திருந்தார், விடுதலை விழாவிலே!

அதே கண்காட்சியிலே ஒரு சிற்பம் எல்லோரையும் நிற்கவைத்தது. கிளியோபாட்ராவின் சாவு. மிகக் கனமான வெண்பளிங்கு. செதுக்கியவர் எட்மோனியா லூயிஸ், கறுப்பினத் தந்தைக்கும் செவ்விந்தியக் குருதிகொண்ட தாய்க்கும் பிறந்த பெண்மணி. அந்தச் சிற்பம் பிறகு எங்கே போயிற்று தெரியுமா? சிகாகோ சென்றது, ஒரு மதுக்கடையிலே நின்றது, பின்னர்க் குதிரைப் பந்தயத் திடலிலே, கிளியோபாட்ரா என்று பெயர் வைக்கப்பட்டிருந்த ஒரு குதிரையின் புதைகுழிமீது அடையாளக் கல்லாக நாட்டப்பட்டது! வெயிலிலும் மழையிலும் பனியிலும் பல பத்தாண்டுகள். பிறகு ஒரு கிடங்கின் மூலையிலே. 1994-இலேதான் அதற்கு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக் காட்சியகத்திலே இடம் கிடைத்தது. குதிரைக்குக் கிடைத்த மரியாதை அந்தக் கலைச்செல்விக்குக் கிடைக்க அத்தனை காலம்!

1994 என்ற ஆண்டை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சி முடிந்தது, மண்டபம் நின்றது. ஆண்டுகள் உருண்டன. விடுதலைப் போர் முதல் உலகப் பெரும்போர் வரை எல்லாப் போர்களிலும் குருதி சிந்திய கறுப்பினப் படைவீரருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டுமென்று குரல் எழுப்பினார் சாமுவேல் பீச்சர் ஹார்ட். பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றத்திலே உறுப்பினராக இருந்த கறுப்பினத் தலைவர் அவர். கேட்டார், மறுத்தனர். மீண்டும் கேட்டார், கிடப்பிலே போட்டனர். ஓயவில்லை அவர். 1927-இலே சட்டமன்றம் இசைந்தது. ஓட்டோ சுவைசர் என்ற சிற்பி வடித்தார். நடுவே நீதியின் உருவம்; இருபுறமும் சீருடையணிந்த கறுப்பின வீரர்கள். மண்டியிட்டவர்களாக அல்ல, விலங்குடைத்ததற்கு நன்றி கூறிக் கைகூப்புபவர்களாக அல்ல. நிமிர்ந்து நிற்கும் வீரர்களாக, அதிகாரிகளாக! அமெரிக்கச் சிற்பக் கலையிலே அந்நாளில் அது அரிய காட்சி.

1934-இலே திறந்தார்கள். எங்கே?

நகரின் பெருஞ்சாலை ஒன்று இருக்கிறது. நகர மன்றத்திலிருந்து கலைக்கூடம் வரை செல்லும் பெஞ்சமின் பிராங்க்ளின் சாலை. மற்றப் போர்வீரர்களின் சின்னங்களெல்லாம் அங்கேதான். கறுப்பின மக்களும் அங்கேதான் இடம் கேட்டனர். இடம் கொடுக்கும் அதிகாரம் படைத்தோர் கைவிரித்தனர். பூங்காவின் ஒரு கோடியிலே, அந்த நினைவு மண்டபத்தின் பின்புறத்திலே, ஆள் நடமாட்டம் அருகிய இடத்திலே கொண்டுபோய் வைத்தார்கள். டக்ளசை வாயிலிலே தடுத்த அதே விழாவுக்கு எழுந்த மாளிகையின் புழக்கடையிலே!

புழக்கடை! அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுத வேண்டிய தேவை தமிழருக்கு இல்லை. முன்வாயில் யாருக்கு, பின்வாயில் யாருக்கு என்ற கணக்கை நம் முப்பாட்டன்மார் உடம்பிலே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "சிலை வைக்கவில்லை" என்று குற்றம் சாட்ட முடியாது, வைத்துவிட்டார்களே! "மறுத்தோம்" என்று ஏடு சொல்லாது. அனுமதித்த தீர்மானம் இருக்கிறதே! மறுப்பதைக் காட்டிலும் நயமான முறை, கொடுத்து மறைப்பது. ஒன்றல்ல, இரண்டல்ல, அறுபது ஆண்டுகள் அந்த வெண்கல வீரர்கள் பின்புறத்திலே நின்றனர். பெற்றோரை, பாட்டனை அந்தச் சின்னத்திலே கண்ட கறுப்பினக் குடும்பங்கள் வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அவர்களது விடாத கோரிக்கைக்குப் பிறகு, 1994-இலே, பெருஞ்சாலையின் லோகன் சதுக்கத்துக்குச் சின்னம் கொண்டுவரப்பட்டது. குதிரையின் புதைகுழியிலே கிடந்த சிற்பத்துக்கு இடம் கிடைத்த அதே ஆண்டு. யாரும் திட்டமிட்ட பொருத்தமல்ல. காலம் சில வேளைகளில் இப்படிக் கணக்கு நேர் செய்கிறது.

இப்போது அந்த ஆசிரியர்.

ஆக்டேவியஸ் கேட்டோ. 1839-இலே தென்பகுதிச் சார்ல்ஸ்டனிலே பிறந்தார். சிறு வயதிலேயே பிலடெல்பியா வந்தார். கறுப்பின இளைஞர் கல்விக்கூடத்திலே படித்து, முதல் மாணவராகத் தேறி, அங்கேயே ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1863-இலே, அடிமை முறையைக் காக்க எழுந்த தென்னவர் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, கறுப்பின இளைஞர்களைத் திரட்டிக் கொண்டு போர்முனைக்குப் புறப்பட்டார். "கறுப்பர் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார் தளபதி. வீட்டுக்குத் தீ வைத்திருக்கிறான். அணைக்க வருபவனைப் பார்த்து நிறம் கேட்கிறார்கள்! சில நாட்களுக்குள்ளேயே நகருக்கு வெளியே கறுப்பினப் படைப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 வீரர்கள் அங்கே பயின்று போருக்குச் சென்றனர்.

அந்த வீரர்களைக் காண மனைவிமாரும் தாய்மாரும் போக வேண்டுமே, எப்படிப் போவது? குதிரை இழுக்கும் டிராம் வண்டிகளிலே கறுப்பருக்கு இடமில்லை. கணவன் நாட்டுக்காகக் காலை இழந்து மருத்துவமனையிலே கிடப்பான். மனைவி அவனைக் காணப் பனியிலே பல கல் நடப்பாள். காலியான வண்டி அவளைக் கடந்து போகும்! 1865 மே மாதத்திலே ஒரு கறுப்பின இளைஞர் வண்டியிலே ஏறி உட்கார்ந்தார், இறங்க மறுத்தார். நடத்துநன் என்ன செய்தான்? வண்டியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி, குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். இளைஞர் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தார். அந்த இளைஞர் கேட்டோவே என்பர். வன்முறை இல்லை, வசவு இல்லை, அமர்ந்தார், அவ்வளவுதான். ரோசா பார்க்ஸ் என்ற அம்மையார் மாண்ட்கோமரிப் பேருந்திலே எழ மறுத்தது 1955-இலே; கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இது!

வண்டிகளிலே நிறவேற்றுமை கூடாதென்று 1867 மார்ச்சிலே சட்டம் வந்தது. வந்த மூன்றாம் நாள், கேட்டோவுக்கு மணமகளாக உறுதி செய்யப்பட்டிருந்த கரோலைன் லெகவுண்ட் என்ற ஆசிரியை வண்டியை நிறுத்தக் கைகாட்டினார். ஏளனம் செய்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான் நடத்துநன். அழவில்லை அம்மையார். சட்டப் படியை முறையாகப் பெற்று வந்து நடுவரிடம் நீட்டினார். நடத்துநனுக்கு 100 டாலர் அபராதம்! சட்டம் ஏட்டிலே இருந்தால் போதாது. அதை எடுத்து நீட்டுகிற கை வேண்டும். அந்தக் கை ஒரு பெண்ணின் கை, ஓர் ஆசிரியையின் கை என்பதிலே எமக்குத் தனி மகிழ்ச்சி. கரும்பலகைக்கு எதிரே நிற்கும் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட சின்னச் செருக்கு மன்னிக்கத்தக்கதே.

1870-இலே கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமை. 1871 அக்டோபர் 10, தேர்தல் நாள். வாக்குச் சாவடிகளைச் சுற்றிக் காடையர் கூட்டம். கறுப்பரைக் கண்டால் அடி, உதை, சூடு.  தெற்குத் தெருவிலே கேட்டோ தம் இல்லத்தை நெருங்குகையிலே பின்னாலிருந்து வந்தவன் சுட்டான். கேட்டோ இறந்தபோது வயது 32. சவ ஊர்வலத்திலே பெருங்கூட்டம் திரண்டது. சுட்டவன் தப்பியோடினான், ஆறாண்டு கழித்துப் பிடித்துக்கொண்டு வந்தனர், கண்ணால் கண்டவர்கள் சாட்சி சொன்னார்கள், நடுவர் குழு என்ன சொல்லிற்று? குற்றமற்றவன்!

ஊர் மறந்தது. பாடநூலிலே பெயரில்லை. தெருவிலே கல்லில்லை.

2017 செப்டம்பர் 26. நகர மன்றத்தின் தென்மேற்கே கேட்டோவின் சிலை திறக்கப்பட்டது. கொல்லப்பட்டு 146 ஆண்டுகள்! கறுப்பினத்தவர் ஒருவருக்கு அவர் பெயரோடு, நகரத்துக்குச் சொந்தமான பொது நிலத்திலே எழுந்த முதற் சிலை அது. ஆயிரக்கணக்கிலே கலைப் படைப்புகளை எண்ணி வைத்திருக்கும் நகரிலே முதல்! சிற்பி பிரான்லி கேடட். பன்னிரண்டடி வெண்கலக் கேட்டோ கைகளை விரித்து முன்னேறி நடக்கிறார்; முன்னே பளபளக்கும் எஃகு வாக்குப்பெட்டி; பின்னே ஐந்து கருங்கல் தூண்கள். உற்றுப் பார்த்தால் அவை தூண்களல்ல, செங்குத்தாக நிமிர்த்தி வைக்கப்பட்ட டிராம் வண்டிகள்! எவற்றிலிருந்து அவரை இறக்கினார்களோ அவை அவர் பின்னே அணிவகுத்து நிற்கின்றன. இந்த நுட்பம், விளக்குவோர் இல்லாவிடில், கடந்து செல்பவனின் கண்ணிலே படுமா? கல்தூண் என்று எண்ணிப் போய்விடுவான். கைப்பேசி செய்கிற நன்மை இந்த இடத்திலேதான் விளங்குகிறது.

கேட்டோ எழுந்த நாட்களிலே, தெருவுக்கு அப்பால், நகராட்சிக் கட்டடத்தின் எதிரே வேறொரு வெண்கலம் நின்றுகொண்டிருந்தது. பிராங்க் ரிசோ. காவல் துறைத் தலைவராகவும், 1972 முதல் 1980 வரை நகரத் தலைவராகவும் இருந்தவர். அவர் காலத்திலே கறுப்பின மக்கள் காவலரிடம் பட்ட பாடு நாடறிந்தது. நண்பர்களும் குடும்பத்தாரும் பணம் திரட்டி 1999-இலே வைத்த சிலை. 2017-இலே "மானுமென்ட் லேப்" என்ற கலைக்குழு, இந்நகருக்கு ஏற்ற நினைவுச்சின்னம் எதுவாக இருக்க வேண்டுமென்று தெருவிலே போவோரையெல்லாம் கேட்டு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகளைத் திரட்டிற்று. அவ்வேளையிலே ஹாங்க் வில்லிஸ் தாமஸ் என்ற கலைஞர் ஒரு பொருளைச் செய்து ரிசோ சிலைக்கு அருகே நட்டார். என்ன பொருள்? சீப்பு! கறுப்பின மக்கள் சுருள்முடி வாரும் சீப்பு, எட்டடி உயரத்திலே, பிடியிலே மூடிய முட்டியோடு. ரிசோவைத் தொடவில்லை, உடைக்கவில்லை, திட்டி ஒரு வரி எழுதவில்லை. பக்கத்திலே ஒரு சீப்பு. நூறு கட்டுரை செய்யாததை அது செய்தது என்று தயங்காமற் கூறுவோம். 2020 சூன் தொடக்கத்திலே, ஜார்ஜ் பிளாய்ட் படுகொலையை எதிர்த்து நாடு கொந்தளித்த நாட்களிலே, இரவோடிரவாக ரிசோ சிலையை நகராட்சியே பெயர்த்தெடுத்துச் சென்றது.

செயலி வந்துவிட்டது, இனிப் பின்புறம் என்பதே இல்லை, எல்லாம் முன்புறந்தான் என்று களிப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு சிறு வரலாற்றையும் சொல்ல வேண்டும்.

2012-இலே நியான்டிக் என்னும் நிறுவனம் "இன்கிரஸ்" என்ற கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. நகரங்களிலுள்ள சிலைகள், சுவரோவியங்கள், நினைவுக் கற்கள் ஆகியவற்றை ஆடுகளப் புள்ளிகளாகக் கொண்ட ஆட்டம். புள்ளிகளைத் தெரிவித்தவர்கள் ஆடியவர்களே. 2016-இலே வந்து உலகையே தெருவுக்கு இழுத்த "போக்கிமான் கோ" ஆட்டத்துக்கு அதே புள்ளிகள்தான் அடித்தளமாயின. எத்தனையோ இளைஞர்கள் தங்கள் தெருவிலே சிலை இருப்பதையே அந்த ஆட்டத்தாலேதான் அறிந்தனர், அதனை மறுக்கவில்லை. ஆனால் வாஷிங்டன் நகரிலே புள்ளிகளை எண்ணிப் பார்த்த அர்பன் இன்ஸ்டிட்யூட் ஆய்வாளர்கள் கண்டதென்ன? வெள்ளையர் மிகுந்த பகுதியிலே சராசரி 55 புள்ளிகள்; கறுப்பர் மிகுந்த பகுதியிலே 19! எவரும் சதி செய்யவில்லை. முதலிலே ஆடியவர்கள் வசதியும் ஓய்வும் உடைய இளைஞர்கள். தாம் நடமாடும் இடங்களைத் தெரிவித்தனர். தாம் போகாத தெருவிலே என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சதி செய்தால் சதிகாரனைப் பிடிக்கலாம். பழக்கம் செய்தால் யாரைப் பிடிப்பது? மண்டபத்தின் பின்புறத்துக்குப் பதில், படத்திலே வெற்றிடம்.

இதற்கு மாற்றும் இல்லாமல் இல்லை. 2004-இலே இங்கிலாந்திலே தோன்றிய "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்" என்னும் பொது நிலப்படம் எவருக்கும் சொந்தமன்று. எவரும் புள்ளியிடலாம், இடத்தின் பெயரைத் தமிழ் உட்பட எம்மொழியிலும் பொறிக்கலாம். சேரியிலே இருக்கும் சுவரோவியத்துக்கும் செல்வர் தெருவிலே இருக்கும் சிலைக்கும் அங்கே ஒரே அளவுப் புள்ளிதான். இடுவதற்கு ஆள் வர வேண்டும், அவ்வளவே. கணிப்பொறி வகுப்பிலே நேரம் போகவில்லையென்று கொட்டாவி விடும் மாணவர்களிடம் இதனை நாம் ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். மறுநாள் தம் தெருவின் நூலகத்தையும் நீர்த்தொட்டியையும் குறித்துவிட்டு வந்து நின்றார்கள். நூலகத்துக்கு முன்னாலுள்ள சிலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அது யாரென்று தெரியாது ஐயா" என்றார்கள். பிறகு விசாரித்து எழுதினார்கள் என்பது வேறு.

பிலடெல்பியாவுக்குத் திரும்பி ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். அடிமைகளை இருளிலே வழிநடத்தி விடுதலைக்கு அழைத்துச் சென்ற ஹாரியட் டப்மன் அம்மையாருக்கு நகர மன்றத்தருகே நிலையான சிலை வைக்க 2022-இலே முடிவு செய்தபோது, போட்டி அறிவிக்காமலே ஒரு சிற்பியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டனர். கறுப்பினக் கலைஞர்கள் எழுந்தனர்: எங்கள் தாயின் உருவை வடிக்க எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று. நகராட்சி பின்வாங்கிப் பொது அழைப்பு விடுத்தது; 2023-இலே ஆல்வின் பெட்டிட் என்ற கறுப்பினச் சிற்பியின் வடிவம் தேர்வாயிற்று. கேட்டோவின் லெகவுண்ட் அம்மையாருக்கும் சிலை வேண்டுமென்ற குரல் அங்கே எழுந்திருக்கிறது.

லோகன் சதுக்கத்திலே நிற்கும் வீரர் சின்னத்தருகே போய்க் கைப்பேசியை நீட்டினால், அது நின்றுகொண்டிருக்கும் இடத்திலே ஒரு புள்ளி ஒளிரும். 1934 என்று ஆண்டும் காட்டும். 1934-இலே அது அந்த இடத்திலே இல்லை. பூங்காவின் கோடியிலே, மண்டபத்தின் பின்னாலே, அறுபது ஆண்டு அது நின்ற வெற்றுத்தரைக்கும் ஒரு புள்ளி இட வேண்டும்.